உறங்கும் உடலும் உலாவும் உயிரும்

உறங்குகின்ற மனிதனுடைய உயிர் உடலை விட்டு வெளியே சென்று உலாவி மீண்டும் வந்து சேரக்கூடும் என்னும் எண்ணம் உலக மக்களிடையே மிகப் பழமையானது. அதனைப் படுக்கையிற் கிடந்தபடியே ஒருவன் தன் விருப்பப்படி பழகிக் கொள்ளலாம் என்னும் எண்ணமோ அண்மையில் தோன்றியது. அச்சில் வந்த பயிற்சி நூல்களை வைத்துப் பார்த்தால் அதற்கு நூறாண்டளவே வயதாகும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் குழப்பம் சிறிதன்று. கைத்தொலைபேசியில் வரும் காணொளிகளைப் பார்த்து, நள்ளிரவு கடந்து மணியடிக்கச் செய்து எழுந்து, மல்லாந்து படுத்து, ‘உயிரை வெளியேற்றும்’ பயிற்சியில் ஈடுபடும் இளைஞர் நம் தோட்டப்புறங்களிலும் இருக்கின்றனர். அவர்களிற் சிலர் இதனைச் சித்தர் கலை என்கின்றனர். வேறு சிலர், நாம் வாழும் இந்தக் கேமரன் மலைக் காடுகளின் பழங்குடி மக்களே இவ்வித்தையை உலகுக்குக் கற்பித்தனர் என்று எங்கோ படித்துவிட்டுச் சொல்கின்றனர். பின்னது நம் அயலாரைப் பற்றிய செய்தியாதலின் அதனையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

கேமரன் மலைப் பகுதியில் வாழும் ஓராங் அஸ்லி மக்களுள் பெரும்பாலோர் செமாய் இனத்தவர். நமக்கு வடக்கே கிளந்தான், பேராக் மாநிலங்களின் எல்லைக் காடுகளில் வாழ்வோர் தெமியார் இனத்தவர். இவ்விரு கூட்டத்தாரையும், இவர்களோடு உறவுடைய வேறு சில கூட்டத்தாரையும் சேர்த்துச் ‘செனோய்’ என்று மானிடவியலார் குறிப்பர். அச்சொல்லுக்கு அவர்கள் மொழியில் மனிதர் என்பதே பொருள். கம்போடியாவின் கெமர் மொழியும், நம் பாரதத்தின் முண்டா மொழிகளும் இவர்கள் மொழிக்குத் தூரத்து உறவு. வில்லியம் கேமரன் என்னும் அளவையாளர் 1885இல் இம்மலைக்கு வந்ததையும், 1929இல் தேயிலைத் தோட்டம் தோன்றியதையும் கொண்டே நாம் இம்மலையின் வரலாற்றைத் தொடங்குகிறோம். அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இம்மலையின் ஓடைகளுக்கும் குன்றுகளுக்கும் பெயரிட்டு வாழ்ந்தவர்கள் இவர்கள். பழைய அரசாங்கக் குறிப்புகளில் ‘சாக்காய்’ என்று இவர்களை எழுதியிருப்பர். அஃது இழிசொல், நம் லயங்களில் அது இன்னும் காதில் விழுவது வருந்தத்தக்கது.

1931இல் தைப்பிங் நகரிலுள்ள பேராக் அரும்பொருட்காட்சி சாலைக்குக் கேம்பிரிட்ஜில் பயின்ற நூன் என்னும் இளைஞர் ஆராய்ச்சி அலுவலராக வந்து சேர்ந்தார். அவர் தெமியாரிடையே நெடுநாள் தங்கி, அவர்கள் மொழியைக் கற்று, அவ்வினத்துப் பெண் ஒருத்தியை மணந்து, 1936இல் அம்மக்களின் குடியிருப்பும் நல்வாழ்வும் பற்றிய அறிக்கை ஒன்றை வெளியிட்டார். அவரைத் தேடி 1934இல் வந்தவர் கில்டன் ஸ்டூவர்ட் என்னும் அமெரிக்கர். ஸ்டூவர்ட்டுக்கு அறிதுயில் வித்தையில், அதாவது ஹிப்னாடிசத்தில், மிகுந்த ஈடுபாடு. அவர் நூனுடன் காட்டுக்குள் சென்று சில வாரங்கள் சுற்றினார். 1938இல் மீண்டும் ஒருமுறை வந்து சில வாரம் இருந்தார். தெமியார் மொழி அவருக்குத் தெரியாது. நூனும் மொழிபெயர்ப்பாளரும் சொல்லக் கேட்டவையே அவர் குறிப்புகளாயின.

இத்தனை குறுகிய பழக்கத்திலிருந்து அவர் 1951இல் ‘மலாயாவில் கனவுக் கொள்கை’ என்னும் பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். படிப்பவரை மயக்கும் கட்டுரை அது. செனோய் மக்கள் நாள்தோறும் காலை உணவின்போது குழந்தைகளின் கனவுகளைக் கேட்பார்களாம். கனவில் விழுந்துவிட்டேன் என்று அஞ்சும் சிறுவனிடம், அது நல்ல கனவு, எங்கே போய் விழுந்தாய், என்ன கண்டாய் என்று தந்தை வினவுவானாம். புலி துரத்தினால் ஓடாதே, திரும்பி நின்று எதிர் என்பானாம். பறந்தால் ஓரிடத்திற்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து ஒரு பாட்டையோ ஒரு பயனுள்ள செய்தியையோ கொண்டுவந்து ஊராருக்குக் கொடு என்பானாம். இப்படிக் கனவை ஆளக் கற்றதனால் அவர்களிடையே இரண்டு மூன்று நூற்றாண்டுகளாக வன்குற்றமோ சண்டையோ மனநோயோ இல்லையென்றும் ஸ்டூவர்ட் எழுதினார். ஆசிரியத் தொழிலில் உள்ள எவனும் இப்பகுதியைப் படித்தால், இப்படியொரு பள்ளி நமக்கு வாய்க்கவில்லையே என்று ஏங்குவான்.

அக்கட்டுரை சில ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1969இல் சார்லஸ் டார்ட் என்னும் உளநூலார் தம் தொகுப்பு நூலில் அதனை மீண்டும் பதிப்பித்ததும், 1974இல் பாட்ரிசியா கார்ஃபீல்டு எழுதிய கனவு நூல் பல்லாயிரவர் கைக்குச் சென்றதும் நிலைமையை மாற்றின. படுக்கைக்குப் போகுமுன் இன்னின்னவாறு நினைத்துக்கொள்க, கனவில் இன்னின்னவாறு நடந்துகொள்க என்று ‘செனோய் முறை’ பாடமாகவே சொல்லிக்கொடுக்கப்பட்டது. உடலை விட்டு உலாவும் வித்தையை நாடியவர்களும் அதனைத் தம் சரக்காக்கிக் கொண்டனர்.

உண்மை யாது? 1960களில் செமாய் மக்களோடு வாழ்ந்த இராபர்ட் டென்டானும், தெமியாரோடு வாழ்ந்து அவர்கள் சமயத்தை ஆராய்ந்த ஜெஃப்ரி பெஞ்சமினும் காலைக் கனவு வகுப்பு எதனையும் அங்கே காணவில்லை. கனவை அடக்கி ஆளும் பயிற்சியும் அவர்கள் கண்ணிற் படவில்லை. டோம்ஹாஃப் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இச்சான்றுகளையெல்லாம் திரட்டி, ஸ்டூவர்ட் 1948இல் இலண்டனில் டாக்டர் பட்டத்திற்காக எழுதிய ஆய்வேட்டையும் எடுத்து ஒப்பிட்டு, 1985இல் நூலாக்கினார். பின்னாளிற் புகழ்பெற்ற அம்முறைக்கு அவ்வாய்வேட்டிலேயே போதிய சான்றில்லை. கனவைப் பற்றித் தமக்கிருந்த கொள்கையை ஸ்டூவர்ட் காட்டு மக்கள் வாயில் வைத்துப் பேசிவிட்டார் என்பதே டோம்ஹாஃப் கண்ட முடிவு. ஸ்டூவர்ட் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லத் துணியேன். தான் விரும்பியதைப் பிறரிடம் கண்டுவிடும் ஆர்வம் நல்லவர்க்கும் உண்டு.

ஆனால் அக்கட்டுரை அச்சேறிய காலத்தை மறத்தலாகாது. சண்டையறியாத மக்கள் என்று அமெரிக்காவில் எழுதப்பட்ட 1951இல், அம்மக்கள் 1948இல் தொடங்கிய அவசரகாலப் போரின் நடுவே அகப்பட்டிருந்தனர். காட்டைவிட்டுப் பெயர்க்கப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டோருள் நோயால் மாண்டவர் பலர். 1956இல் அவர்களிலிருந்தே ‘செனோய் ப்ராக்’ என்னும் போர்ப்படை ஒன்றும் திரட்டப்பட்டது. ஸ்டூவர்ட்டை அழைத்துச் சென்ற நூனே 1943இல், ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில், காட்டுக்குள் உயிரிழந்தார். மனைவி பொருட்டு எழுந்த பூசலில் தெமியார் கையாலேயே மாண்டார் என்பது அவருடைய தம்பி பின்னர் விசாரித்தறிந்த செய்தி. நம்மைப்போல் அன்பும் சினமும் உடைய மக்களை அமைதித் தெய்வங்களாக்கிப் பாராட்டுவதும் ஒருவகையில் அவர்களைப் பார்க்க மறுப்பதேயாகும்.

இனி, தெமியார் உண்மையில் நம்புவது என்ன என்பதைப் பார்ப்போம். அது ஸ்டூவர்ட் சொன்னதைக் காட்டிலும் ஆழமானது. மெரினா ரோஸ்மன் என்னும் இசை மானிடவியலார் 1980களில் கிளந்தான் மேற்காட்டில் அவர்களோடு தங்கி, 1991இல் ஒரு நூலும், 1995இல் அவர்கள் பாடல்களின் ஒலிப்பதிவும் வெளியிட்டார். அவர் விளக்குமாறு, ஒருவனுக்குள் தலையைச் சார்ந்த உயிர் ஒன்றும் நெஞ்சைச் சார்ந்த உயிர் ஒன்றும் உண்டு. தலையுயிரை ‘ரெவாய்’ என்பர். உறக்கத்தில் அது வெளியே சென்று உலாவும். மனிதனுக்கு மட்டுமன்று, மரத்துக்கும் மலைக்கும் ஆற்றுக்கும் பழத்துக்கும் புலிக்கும் உயிர் உண்டு, அவையும் உலாவும். வழியில் இரண்டு உயிர்கள் சந்திக்கும்போது, மலையின் உயிரோ பழமரத்தின் உயிரோ கனவு காண்பவனிடம் மனித வடிவில் வந்து, நான் உனக்குத் துணையாவேன் என்று சொல்லி ஒரு பாட்டைக் கொடுக்கும். அது ஓரடி பாட, இவன் அதனைத் திருப்பிப் பாடுவான். இப்படிப் பாட்டுப் பெற்றவன் ‘ஹாலா’ எனப்படுவான். ஆகாய விமானமும் கைக்கடிகாரமும் காட்டுக்கு வந்தபின் அவற்றின் உயிர்களும் கனவில் தோன்றிப் பாட்டுக் கொடுத்திருக்கின்றன என்பது சுவையான செய்தி.

பாட்டைப் பெற்றவன் அதைத் தனக்கென வைத்துக்கொள்வதில்லை. இரவில், விளக்கணைத்த வீட்டில், பெண்கள் நெடியதும் குறியதுமாக இரண்டிரண்டு மூங்கிற் குழாய்களைத் தரையில் மாறிமாறித் தட்டித் தாளமிட, அவன் ஓரடி பாடுவான். கூடியிருப்போர் அதனைத் திருப்பிப் பாடுவர். கனவில் அவன் கற்ற முறையிலேயே ஊரார் இப்போது அவனிடம் கற்கின்றனர். நம் பழைய திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை சொல்லப் பிள்ளைகள் ஒருமிக்கச் சொன்ன முறை நினைவுக்கு வருகிறதன்றோ?

இப்பாட்டு எதற்கு? நோய் தீர்க்க. அஞ்சியோ மயங்கியோ ஒருவனுடைய தலையுயிர் நெடுந்தொலைவு போய்விட்டால் உடல் வாடும் என்பது அவர்கள் நம்பிக்கை. பாட்டு என்பது, அவ்வுயிர் போன வழியைத் துணையுயிரின் கண்ணால் கண்டு, அதனைத் திரும்ப அழைத்து வரும் பாதை. ஆகவே இம்மக்களின் கலை முழுவதும் உயிரைத் திரும்ப அழைப்பதற்கேயன்றி வெளியே அனுப்புவதற்கன்று. வெளியே போவது தானே நிகழும். உறங்கும் எவனுக்கும் நிகழும். அதற்குப் பயிற்சி எதற்கு? எந்த உயிர் வந்து சந்திக்கும் என்பதும் அவன் கையில் இல்லை. அவ்வுயிரின் விருப்பமே அதை முடிவு செய்கிறது. மேலைநாட்டுப் பயிற்சி நூல்கள் அறவே தலைகீழாக்கிவிட்ட இடம் இதுதான்.

இந்த மலைநாட்டின் பிற மக்களிடமும் இதே கவலை உண்டு. திடுக்கிட்டவரைப் பார்த்துக் ‘கூர் செமாங்காட்’ என்று மலாய் மூதாட்டியர் சொல்வது, அகன்றுபோகும் உயிராற்றலைக் கூவியழைக்கும் சொல். நம் வீடுகளில் குழந்தை அரண்டுபோனால் கோயிற் பூசாரியிடம் கொண்டுபோய் மந்திரித்துத் திருநீறு இடுவதும் அதற்கு அயலானதன்று.

சித்தர் கலை என்பாருக்கு வருவோம். கூடுவிட்டுக் கூடு பாய்தலுக்குத் தமிழில் தலைசிறந்த சான்று திருமூலர் வரலாறு. கயிலையிலிருந்து அகத்தியரைக் காணப் புறப்பட்டு வந்த சிவயோகியார், காவிரிக்கரையில் சாத்தனூரில் மூலன் என்னும் இடையன் இறந்து கிடக்க, அவன் மேய்த்த பசுக்கள் சுற்றி நின்று கதறுவதைக் கண்டார். அப்பசுக்களின் துயர் தீர்க்கவே தம் உடலைக் காவலாக ஓரிடத்தில் வைத்து மூலன் உடலிற் புகுந்தார். மாலையில் பசுக்களை ஊர் சேர்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது தம் உடல் அங்கில்லை. பிறகு திருவாவடுதுறையில் அரசமரத்தடியில் அமர்ந்து, அந்த இடையன் உடலோடேயே ஆண்டுக்கொரு பாடலாக மூவாயிரம் பாடினார் என்பது சேக்கிழார் தரும் வரலாறு. இதில் உறக்கமும் இல்லை, வேடிக்கைப் பயணமும் இல்லை. மேற்கொண்டது இரக்கத்தால், பயனோ, திரும்பிப் போக வழியில்லாத ஒரு வாழ்க்கை. பதஞ்சலியும் பிறருடலிற் புகும் ஆற்றலைத் தம் யோக நூலின் மூன்றாம் பாதத்திற் கூறுகிறார். அதற்கு நேர்முந்திய சூத்திரத்திலேயே இத்தகைய சித்திகள் சமாதிக்கு இடையூறு என்றும் எச்சரித்துவிடுகிறார்.

உறக்கத்தைப் பற்றிச் சைவ சித்தாந்தம் சொல்வது இன்னும் வேறு. நனவில் உயிர் புருவநடுவில் முப்பத்தைந்து கருவிகளோடு நிற்கும். கனவில் கண்டத்துக்கு இறங்கி இருபத்தைந்தோடு நிற்கும். ஆழ்ந்த உறக்கத்தில் இதயத்தில் மூன்றோடும், பேருறக்கத்தில் உந்தியில் இரண்டோடும், அதற்கும் அப்பால் மூலாதாரத்தில் ஒன்றோடும் நிற்கும். அஃதாவது, உறங்கும் உயிர் கூரையை நோக்கி மேலே பறப்பதில்லை. தன் கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டு உடலுக்குள்ளேயே கீழே இறங்குகிறது. படுக்கைப் பயிற்சிக்கு மெய்கண்டாரிடம் ஆதரவு கிடைக்காது.

அப்படியானால் இப்பயிற்சியின் பிறப்பிடம் எது? அதில் ஒரு பாதி நம் சென்னைதான் என்றால் வியப்பாயிருக்கும். 1882இல் அடையாற்றில் தலைமையிடம் அமைத்த பிரும்மஞான சபையார், நம் சூக்கும சரீரக் கொள்கையையும் ஐரோப்பிய மறைநூல்களின் ‘விண்மீனுடல்’ என்னும் கருத்தையும் ஒன்றாகக் குழைத்தனர். அச்சபையின் லெட்பீட்டர் 1895இல் விண்மீனுலகைப் பற்றி நூல் எழுதினார். அதனைப் படுக்கையறைப் பயிற்சியாக்கியவர்கள் அமெரிக்கர். 1929இல் முல்டூன், காரிங்டன் இருவரும் உடலை விட்டு வெளியேறும் முறையை நூலாக்கினர். 1971இல் இராபர்ட் மன்றோ தம் பயணங்களை எழுதினார். இன்றைய காணொளிகள் பெரும்பாலும் இவர்களின் பேரப்பிள்ளைகள்.

முறை எளியது. ஐந்து மணி நேரம் போல உறங்கி எழ வேண்டும். சிறிது நேரம் விழித்திருந்து, மீண்டும் மல்லாந்து படுத்து, கால் விரல் தொடங்கித் தலைவரை ஒவ்வோர் உறுப்பாகத் தளர்த்த வேண்டும். உடல் உறங்கினாலும் அறிவு உறங்காதபடி காத்துக்கொண்டு, ஒரு கயிற்றைப் பிடித்து ஏறுவதாகவோ மிதப்பதாகவோ நினைக்க வேண்டும். சிலருக்கு இதனால் உண்மையாகவே உடல் அதிர்வது போலவும், காதில் இரைச்சல் போலவும், பின் மேலே எழுவது போலவும் தோன்றும். அவர்கள் பொய் சொல்லவில்லை.

காரணத்தை விஞ்ஞானம் ஓரளவு தெளிவாக்கியிருக்கிறது. மூடிய இமைக்குள் கண் விரைந்து அசையும் உறக்கத்தை 1953இல் சிகாகோவில் கண்டறிந்தனர். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அந்நிலையில் வருவன. அந்நிலை விடியற்காலையை அடுத்தே மிகுதியாக வரும். பெரட்டுக்கு எழும் நேரத்தில் ஐந்து நிமிடம் கண்ணயர்ந்தவர்க்கு ஒரு நாடகமே கனவில் நடந்து முடிவது இதனால்தான். கனவுக்கேற்ப எழுந்து ஓடிவிடாதபடி, அப்போது மூளை கைகால் தசைகளைத் தளர்த்திக் கட்டிவைக்கிறது. அந்தக் கட்டு அவிழுமுன் அறிவு விழித்துக்கொண்டால் அசைய முடியாது. மார்பில் யாரோ ஏறி அமர்ந்தது போலிருக்கும். இதைத்தான் நம்மவர் அமுக்குவான் பேய் என்றனர். மலாய் மொழியிலும் மேலே கிடந்து அழுத்துதல் என்னும் பொருள்படவே இதற்குப் பெயர். உடல் எங்கே, எவ்வாறு கிடக்கிறது என்று தசைகளும் காதினுள்ளிருக்கும் சமநிலை உறுப்பும் அனுப்பும் செய்திகளை மூளை ஒன்று சேர்த்தே ‘நான் இங்கிருக்கிறேன்’ என்று உணர்கிறது. அச்செய்திகள் குழம்பினால் அந்த ‘இங்கு’ இடம் மாறிவிடும். 2002இல் ஜெனீவாவில் ஒலாஃப் பிளாங்கே என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும், வலிப்பு நோயுள்ள பெண் ஒருத்தியின் மூளையில் வலப்புறத்து ஓரிடத்தை மெல்லிய மின்சாரத்தால் தூண்டினர். அவள் கூரையருகே மிதந்து, கட்டிலில் கிடக்கும் தன் கால்களையும் இடுப்பையும் கீழே கண்டதாகச் சொன்னாள். மின்சாரத்தை நிறுத்தியதும் காட்சி நின்றது.

அனுபவம் மெய், பயணம் மெய்யா என்பது வேறு வினா. முன்னர்க் கூறிய சார்லஸ் டார்ட் இதனைச் சோதித்தார். இப்படி வெளியே போவதாகக் கூறிய இளம்பெண்ணைச் சோதனைச்சாலையில் உறங்கவைத்து, படுத்தபடி பார்க்க முடியாத உயரத்தில் ஐந்து இலக்க எண் ஒன்றை எழுதிவைத்தார். நான்காம் இரவில் அவள் அதனைச் சரியாகச் சொன்னாள். ஆயினும் சுவர்க்கடிகாரத்தின் பரப்பில் எண்ணின் நிழல் தெரிந்திருக்கக் கூடும் என்பதை மறுக்கவியலாது என்று 1968இல் தம் அறிக்கையிலேயே அவர் நேர்மையாக எழுதினார். அதன்பின் ஐயத்துக்கிடமின்றி எவரும் இதை நிறுவிக் காட்டவில்லை. தாம் போய் வந்ததாக உறுதியாகச் சொல்லும் இளைஞரிடம் வாதம் செய்ய வேண்டியதில்லை. வேறொருவர் எழுதி, பக்கத்து வீட்டு அலமாரியின் மேல் வைத்த எண்ணைப் படித்து வருமாறு கேட்டால் போதும்.

பயிற்சியின் தீங்கு பேயினால் வருவதன்று. உறக்கக் கேட்டினால் வருவது. 13 முதல் 18 வயதுடையோருக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கமும், 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கமும் வேண்டுமென்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் அறிவித்தது. இரவின் நடுவே எழுந்து உறக்கத்தை உடைத்துக்கொள்வதும், மல்லாந்து படுப்பதும் அமுக்குவானை வலிய அழைப்பனவாகும். வகுப்பில் கண்ணயர்வது உபரி. எவருக்கேனும் அது வந்துவிட்டால் அஞ்சித் திணற வேண்டாம். மூச்சை இயல்பாக விட்டுக்கொண்டு, ஒரு விரல் நுனியையோ கண்ணையோ அசைக்க முயன்றால் சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ கட்டு அவிழ்ந்துவிடும். பிறகு ஒருக்களித்துப் படுத்து உறங்கலாம். அடிக்கடி வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.